பேட்டை ‘தேறிவிட்டது’, வீடு வாங்கலாம்

நியூயார்க்கின் புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதிக்கு 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைபடத்தில் சிவப்பு அடித்துவைத்தது. கறுப்பர் வாழும் பேட்டை, கடன் கொடுத்தால் திரும்பாது என்று கணக்கு. அதே தெருவில் இரட்டைக் குடித்தன வீடு வாங்க இன்று கடன் தாராளமாகக் கிடைக்கிறது. வீடு மாறவில்லை, வாங்க வருகிறவர்தான் மாறியிருக்கிறார்.

தரகர் பெருமையோடு தடவிக் காட்டும் பழுப்புக்கல் முகப்பு சில அங்குலம்தான், பின்னால் செங்கல். பல வீடுகளில் அந்தக் கல்லும் உதிர்ந்துபோய், சாயம் கலந்த சிமென்ட் பூச்சு நிற்கிறது. விலை 10 லட்சம் டாலரைத் தொட்டால் வாங்குகிறவர் குறைந்தது 1 சதவீதம் ‘மாளிகை வரி’ கட்ட வேண்டும். ஒடுங்கிய படியில் மூச்சிரைக்க ஏறினாலும் சட்டத்துக்கு அது மாளிகைதான்.

கீழே நீங்கள், மேலே வாடகைக்காரர். அவர் பணம் உங்கள் தவணையை அடைக்கும் என்பார் தரகர். அக்டோபர் முதல் மே முடிய, வெளியே குளிர்ந்தால் பகலில் வாடகைக்காரரின் வீட்டை 68 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்திருப்பது உங்கள் கடமை என்பதைச் சொல்லமாட்டார். ஜனவரி இரவில் கொதிகலன் படுத்தால் நீங்கள்தான் முதலாளி. ஆகவே நீங்கள்தான் வேலையாள்.

ஆனாலும் ஒரு சலுகை உண்டு. மூன்று குடித்தனம் வரையிலான வீடுகளுக்கு, புதிதாகக் கட்டிச் சேர்த்தாலொழிய, சொத்துவரி மதிப்பீடு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விலை எகிறும் பேட்டைக்கே இதில் கொள்ளை லாபம்.

வாங்குங்கள். பக்கத்து வாசற்படியில் காலமெல்லாம் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம், “இந்த ஏரியா இப்போதுதான் நன்றாகியிருக்கிறது” என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.