மலையேறும் படகு

? ட்ரெய்லரில் ஒரு சின்னப் பாய்மரப் படகை ஊட்டிக்கு ஏற்றலாமா? – கோவை வாசகர்

ஏற்றலாம். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை ஒடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போவது ட்ரெய்லரின் குணம். பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடிக்கும்போது அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். 2024 மே முதல் ஊட்டிக்குள் நுழைய இ-பாஸ் வேறு.

? அடியில் தூக்கி இறக்கும் பலகை எதற்கு? – கோத்தகிரி வாசகி

காற்று பக்கவாட்டில் தள்ளினால் படகு நண்டு மாதிரி ஒதுங்கும். ஆழமாக ஒரு பலகை இறங்கியிருந்தால் நேரே போகும். பலகை கனமானதாக இருந்தால் கவிழாமலும் பிடிக்கும். ஆனால் நீட்டிக்கொண்டே இருந்தால் ட்ரெய்லரில் உட்காராது. அதனால் வின்ச் சுற்றி மேலே இழுத்து ஒரு பெட்டிக்குள் நிறுத்துகிறார்கள். அந்தப் பெட்டி நிற்பது படகு அறையின் நட்டநடுவில். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.

? வெள்ளைக்காரன் மூளைதானே? – குன்னூர் வாசகர்

பிரிட்டிஷ் கடற்படையின் ஜான் ஷாங்க் 1774-இல் பாஸ்டனில் அப்படி ஒரு படகு கட்டினார். 1798-இல் கட்டிய ‘லேடி நெல்சன்’ கப்பலில் மூன்று பலகைகள்! நம் கட்டுமரக்காரரும் பாய் விரித்தால் பலகையை இறக்குவார், கரை நெருங்கினால் உருவிவிடுவார். யாரிடம் கற்றார் என்று ஷாங்கைத்தான் கேட்க வேண்டும்.

? ஊட்டி ஏரியில் பாய் விரித்தால் ஓடுமா? – ஊட்டி வாசகர்

தள்ளாடும். சுற்றிலும் மேடும் மரமும். காற்று நாலு திசையிலும் மாறி மாறி அடிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்று, பாயைத் தள்ளுவதோ நாலு பங்குதான். அந்தக் கால கோவை கலெக்டர் சல்லிவன் உண்டாக்கிய இந்த ஏரி முன்பு இன்னும் பெரிது. அந்த நாளில் வந்திருந்தால் இன்றைய பஸ் ஸ்டாண்டிலேயே நங்கூரம் போட்டிருக்கலாம்.

? அட்வான்ஸ் கொடுத்தாச்சே! – மறுபடியும் கோவை வாசகர்

வண்டியைச் சென்னைக்குத் திருப்புங்கள். அங்கே 1911-இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ராமானுஜன் குமாஸ்தாவாக இருந்த துறைமுகத்துக்குத் தலைவரும் அவரே. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன நேத்ரா குமணனும் சென்னைப் பெண்தான். அவர் ஓட்டிய படகின் பலகையைக் கையாலேயே உருவிவிடலாம். காற்றும் அங்கே ஐந்து பங்கும் கிடைக்கும்.