ஸ்லோமோ தம்பி

விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கும் கல்லூரி எதுவானாலும், வகுப்புக்கு ஒரு ஸ்லோமோ தம்பி இருப்பான். தோளில் ட்ரைபாட் பை, பேன்ட் பையில் பவர் பேங்க், சட்டைப் பையில் பஸ் பாஸ். டீக்கடை மாஸ்டர் கையைத் தூக்கி டீ ஆற்றினால் நமக்கு நாக்கு ஊறும், அவனுக்குக் கை ஊறும். "அண்ணே, இன்னொருக்கா ஆத்துங்க. அப்படியே வெயில் பக்கம் திரும்பி ஆத்துங்க" என்பான். மாஸ்டரும் ஆற்றுவார். ஷாட் ஓகே ஆகும்போது அது ஐஸ் டீயாகியிருக்கும்.

அவனுடைய வித்தையின் கணக்கு எளிது. சினிமா ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேமில். 120 ஃப்ரேமில் எடுத்து 24-ல் ஓடவிட்டால் ஒரு நொடி ஐந்து நொடியாகும். 240 என்றால் பத்து. தம்பியிடம் இருப்பது இரண்டு நிமிடக் கதை. செமஸ்டர் குறும்படத்துக்கு வேண்டியது எட்டு நிமிடம். இந்தத் துண்டு விழுவதை மற்ற பிள்ளைகள் வசனம் எழுதிச் சமாளிப்பார்கள். இவன் ஹீரோவை மாடிப்படியில் இறங்க விடுவான்.

லொக்கேஷன் எப்போதும் மொட்டை மாடிதான். வெளிச்சம் வேண்டுமே! வழக்கமாக 24 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/48 நொடி என்றால், 240-க்கு 1/480. வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிடும். சினிமாக்காரர்கள் ஜெனரேட்டர் வண்டியோடு வந்து பெரிய விளக்குகளை இறக்குவார்கள். தம்பிக்கு இருப்பது சூரியன். யூனிட்டிலேயே பேட்டா கேட்காத ஒரே லைட்மேன். அக்னி நட்சத்திரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது, உச்சி வெயிலில் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் மாடியில் நின்றால், அங்கே ஒரு மாஸ் என்ட்ரி தயாராகிறது என்று அர்த்தம்.

ஹீரோ, ரூம்மேட். தலைமுடி நிறைய இருக்கிறது என்பதே அவனுடைய நடிப்புத் தகுதி. தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, முடியைச் சிலுப்பச் சொல்வார்கள். டிராலி, ஹாஸ்டல் போர்வை. கேமராவோடு தம்பி அதில் உட்கார, இரண்டு பேர் இழுப்பார்கள். ஹீரோ காலை ஊன்றும்போது புழுதி பறக்க வேண்டும். மாடியில் ஏது புழுதி? கோலமாவு.

"ஏண்டாப்பா, வத்தல் மேலெல்லாம் கோலமாவு கொட்டியிருக்கே!" என்று கீழ்வீட்டு மாமி படியேறி வருவார்.

"ஸாரி மாமி. ஒரே ஒரு டேக்."

"இதையேதான் காலம்பறயும் சொன்னே."

ஒரு நாள் சீனியரிடம் இரவலாக ஒரு கேலக்ஸி எஸ்9 வரும். 2018-ல் வந்த போன். நொடிக்கு 960 ஃப்ரேம் எடுக்கும், ஆனால் ஒரு தடவைக்கு 0.2 நொடிதான். அதுவே ஆறு நொடிக்கு நீளும். தண்ணீர் பலூன் அந்த 0.2-க்குள் உடைந்தாக வேண்டும். தம்பி "ஆக்‌ஷன்" சொல்லிவிட்டுப் பட்டனைத் தட்டுவதற்குள் பலூன் உடைந்து, தண்ணீர் வடிந்து, ஹீரோ துண்டு தேடிப் போயிருப்பான். சட்டத்துக்குள் அசைவு தெரிந்தால் தானே பதிவு செய்யும் ஆட்டோ வசதியும் அதில் உண்டு. அதைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, வத்தலுக்கு வந்த காகம் குறுக்கே பறக்கும். இறகு இறகாக, உலகத் தரத்தில் ஆறு நொடிக் காகம்! அழிக்க யாருக்கு மனசு வரும்? வைவாவில் பேராசிரியர் கேட்பார், "நடுவுல காக்கா எதுக்குப்பா?"

"அது ஹீரோவோட தாத்தா சார்."

மழைக்காலத்தில் லொக்கேஷன் ஹாஸ்டல் அறைக்கு மாறும். அங்கே பழைய சோக் வைத்த ட்யூப்லைட் காட்டிக்கொடுத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, 240 ஃப்ரேமுக்குத் தெரியும். காதலைச் சொல்லும் காட்சி முழுக்கப் பின்னால் சுவர் துடித்துக்கொண்டிருக்கும். விவரமானவர்கள் கேமராவை என்.டி.எஸ்.சி.யிலிருந்து பால் முறைக்கு மாற்றி, 100 ஃப்ரேமில், ஷட்டரை 1/100-ல் வைத்து எடுப்பார்கள். தம்பியும் மூன்றாம் ஆண்டில் அதைக் கற்றுக்கொள்வான். இரண்டாம் ஆண்டில் அந்தக் காதல் படம் பேய்ப் படமாகிவிடும்.

சாதாரணமாக எடுத்ததை சாஃப்ட்வேரில் இழுத்து ஸ்லோமோ ஆக்குகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமைக் கம்ப்யூட்டரே கற்பனை செய்யும். ஹீரோ கையை வீசினால் விரல்கள் இடுப்போடு கரைந்து ஒட்டிக்கொள்ளும். "அது துரோகம் மச்சி" என்பான். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி அந்தத் துரோகத்தையும் செய்வான்.

காசில்லாமல் இந்த ஆசை எதற்கு என்று கேட்கக் கூடாது. அவன் குலமுதல்வரே கையில் காசில்லாதவர்தான். ஸ்லோமோஷனுக்கு 1904-ல் காப்புரிமை கோரியவர் ஆகுஸ்ட் முஸ்கர் என்ற ஆஸ்திரியப் பாதிரியார், இயற்பியல் வாத்தியார். கட்டணம் கட்ட வழியில்லாமல் 1912-ல் காப்புரிமை காலாவதியானது. பெயரும் லாபமும் வேறு ஆட்களுக்குப் போயின. ஃபிலிம் காலத்திலும் இது பணக்கார வித்தைதான். 400 அடி ரோல் 24 ஃப்ரேமில் நாலரை நிமிடம் வரும், 120-ல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கேமராமேன் "ஹை-ஸ்பீட்" என்றால் தயாரிப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும். இன்று தம்பிக்கு மெமரி கார்டு நிறைந்தால் போன செமஸ்டர் நோட்ஸ் போட்டோக்களை அழிக்கிறான், அடுத்த டேக் போகிறான். நேரம் மட்டும்தான் அவனிடம் தாராளமாக இருக்கிறது. அதை இன்னும் ஐந்து மடங்கு நீட்டிக்கொள்கிறான்.

நீட்டிய நேரத்துக்குக் காசு கொடுப்பவர்கள் படிப்பு முடிந்ததும் கிடைப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள். அங்கே தம்பிதான் ராஜா. பட்டுப்புடவை திரும்புவது, மல்லிகைச் சரம் ஆடுவது, பந்தியில் ரசம் விழுவது, எல்லாமே 120. தாலி கட்டும் மூன்று நொடி பதினைந்து நொடியாகும். மேலே விழும் அட்சதையை ஒவ்வொரு அரிசியாக எண்ணலாம். அடியில் உருக்கமாக ஒரு வயலின். ஆல்பத்தோடு வீடியோவைக் கொண்டுபோய் டி.வி.யில் போட்டுக் காட்டினால், பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். தாத்தா மட்டும் டி.வி.யின் ரிமோட்டை எடுத்து வால்யூமை ஏற்றிக்கொண்டே இருப்பார்.

"எல்லாம் ரொம்ப ஜோரா இருக்கு தம்பி. கெட்டிமேளம் எங்கே?"

"தாத்தா, ஸ்லோமோல எடுத்தா இந்தக் கேமராவுல சத்தம் பதியாது."

"அப்ப மேளக்காரங்களுக்கு எதுக்குப்பா காசு குடுத்தோம்?"