ஒற்றைக் கியர்த் துறவி

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இரயில் தடத்தில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்துக்கும் இடையே அமைந்த வேப்பம்பட்டின் மக்களைத் தொழில்வழியாகவும் குடிவழியாகவும் வகைப்படுத்த முனையும் ஆய்வாளர், எந்த வகைக்குள்ளும் அடங்காத ஒருவரை விடியற்காலையில், சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையாகிய சி.டி.எச். சாலையில் எதிர்கொள்ள நேரிடும். அவரே ஒற்றைக் கியர்க்காரர் எனப்படுபவர். ஒற்றைக் கியர் மிதிவண்டி என்பது, பெடலோடு சேர்ந்து சுழலும் முன்பல்சக்கரம் ஒன்று, பின்சக்கரத்தின் நடுவே பொருந்திய சிறு பல்சக்கரம் ஒன்று, அவ்விரண்டையும் பிணைக்கும் சங்கிலி ஒன்று ஆகியவற்றை மட்டுமே கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் எதிர்காற்றிலும் ஒரே விகிதத்தில் ஓடுவதாகும். இவ்வரையறையைப் படிக்கும் எவரும், தம் பாட்டனார் வைத்திருந்ததும் பால்காரர் வைத்திருப்பதும் இதுதானே என்று வினவுவது இயல்பே. எனினும் ஒற்றைக் கியர்க்காரரின் செவிபட அதனை வினவுதல் தகாது, ஏனெனில் அவர் தரும் விடை முடிவதற்குள் இரண்டு மின்தொடர் வண்டிகள் நிலையத்தைக் கடந்து போயிருக்கும்.

இவ்வகையினரின் அருமையை உணர, அவர் வாழும் நிலத்தின் தொழில் வரலாற்றை அறிதல் வேண்டும். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1949-இல் தோற்றுவித்த டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகளை வெளியிடலாயிற்று. எஃகுக் குழாய்களுக்கென ஆவடியில் 1955-இல் டியூப் புராடக்ட்ஸ் எழுந்தது. சங்கிலிக்கென, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து டைமண்ட் செயின் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1960-இல் டி.ஐ. டைமண்ட் செயின் தொடங்கப்பட்டது. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்தின் சுழலிகளைச் சுற்றிய சங்கிலியும் அந்த அமெரிக்க நிறுவனம் செய்ததே ஆகும். ஆக, வேப்பம்பட்டிலிருந்து கிழக்கே ஒரு மணி நேர மிதிப்புக்குள் குழாயும் சங்கிலியும் முழு வண்டியும் பல தலைமுறைகளாக உருவாகிவந்துள்ளன. அவ்வண்டிகளுள் பெரும்பகுதி ஒற்றைக் கியரே. இவை போதா என்று, தமிழ்நாடு அரசும் 2001-02 முதல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கும், 2005-06 முதல் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் மிதிவண்டியை விலையில்லாமல் வழங்கிவருகிறது. அதிலும் கியர் இல்லை. ஒற்றைக் கியர் தெருவெங்கும் கிடக்கும் இத்தகைய நாட்டில், அதனை அடைய மூன்று மாதச் சம்பளத்தையும் ஓராண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் செலவிடுபவரே நம் ஆய்வுக்குரியவர்.

இவர் அம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளுள் ஒன்றில் பராமரிப்புப் பிரிவிலோ தர ஆய்வுப் பிரிவிலோ பொறுப்பான பதவி வகிப்பவர். வேப்பம்பட்டில் மனை விலை கைக்கெட்டிய காலத்தில் வீடு கட்டியவர். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக மருத்துவர் அறிவித்த வாரத்தில் 21 கியர் வண்டி ஒன்றை வாங்கியவர். கடல்மட்டத்துக்குச் சில பத்து மீட்டர்களே உயர்ந்த இச்சமவெளியில், அந்த 21 கியர்களுள் தாம் பயன்படுத்துவன இரண்டே என்பதையும், எஞ்சிய 19-உம் தம்மீது சும்மா சவாரி செய்கின்றன என்பதையும் அவர் ஒருநாள் கணக்கிட்டு அறிகிறார். இதற்கிடையில், சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் வில்கையாகிய கியர் மாற்றி, இரயில் நிலைய வண்டி நிறுத்துமிடத்தில் பிற வண்டிகளின் நெரிசலால் மாதம் ஒருமுறை வளைகிறது; ஐப்பசி மழையில் அதன் சிறு உருளைகளுக்குள் சேறு புகுகிறது. இவ்விரு துன்பங்களும் சேர்ந்து அவருள் வைராக்கியத்தை விளைவிக்கின்றன. உலகில் பிற துறவுகள் யாவும் செலவைக் குறைக்க, இத்துறவு மட்டும் செலவைப் பெருக்குவது என்பது வீட்டார் பின்னரே உணரும் உண்மை.

துறவின் முதற்கட்டம் முற்றிலும் மனத்தளவில் நிகழ்வது. அடுத்த நிலையமாகிய திருநின்றவூரில் பூசலார் நாயனார், கையில் பொருளின்மையால் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, சுவர் எழுப்பி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார் என்பதும், அதே நாளில் காஞ்சியில் குடமுழுக்குச் செய்யவிருந்த பல்லவ மன்னன் இறைவனின் ஆணையால் நாளை மாற்றினான் என்பதும் பெரியபுராணம் கூறும் வரலாறு. அம்மண்ணின் காற்று அண்டை ஊருக்கும் வீசுகிறது போலும்; ஒற்றைக் கியர்க்காரரும் பணிநேரக் கூட்டங்களின்போது மனத்துக்குள் பிரேமை நிறுத்தி, போர்க்கைச் செருகி, ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாக முடுக்கிக் கோட்டம் எடுக்கிறார். அவருக்கென நாளை மாற்றிக்கொள்ளும் மன்னர் எவரும் இல்லை. அவருடைய மேலாளர், அவரை இருமுறை பெயர் சொல்லி அழைக்க மட்டுமே செய்கிறார்.

மனவண்டிக்குச் சாதாரணக் குழாய் ஒவ்வாது. மிலான் நகரத்துக் கொலம்பஸ் குழாயோ, 1935-இல் அறிமுகமாகி ஐரோப்பியப் பந்தய வண்டிகளை நெடுங்காலம் ஆண்ட, மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ரெனால்ட்ஸ் 531 குழாயோதான் அவருக்கு வேண்டும். அந்த ரெனால்ட்ஸ் நிறுவனமும், அம்பத்தூர் ஹெர்குலிசுக்குப் பங்காளியாக அமைந்த அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதையும், தாம் கடல் கடந்து தேடும் பெண், ஆவடியில் உள்ள மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூரத்து உறவினள் என்பதையும் அறிந்தாலும் அவர் மனம் மாறுவதில்லை. இறுதியில், யாரோ ஒருவர் கைவிட்ட பழைய கியர்ப் பந்தய வண்டியின் பிரேம் ஒன்று செய்தித்தாளில் சுற்றப்பட்டு வீடு வந்து சேர்கிறது. பூசை அறைக்கும் படுக்கை அறைக்கும் இடைப்பட்ட இடத்தில் அது சாய்த்து வைக்கப்படுகிறது.

இக்கட்டத்தில் பொறியியல் குறுக்கிடுகிறது. பால்காரர் வண்டியில், பின்சக்கர அச்சு அமரும் பிளவு கிடைவாக நீண்டிருப்பதால், சங்கிலி தொய்ந்தால் சக்கரத்தைச் சற்றே பின்னிழுத்து நட்டை முடுக்கினால் போதும். தெருமுனைக் கடையில் இதற்குச் செயின் லூஸ் எடுத்தல் என்று பெயர். அவர் வாங்கிய கியர் வண்டியின் பிளவோ செங்குத்தாக இருப்பதால், அச்சை நகர்த்த இயலாது. சங்கிலியின் கண்ணிகள் அரை அங்குலத்துக்கு ஒன்றாக அமைந்து, குறுகிய கண்ணியும் அகன்ற கண்ணியும் மாறிமாறி வருவதால், அதனை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகவே வெட்ட முடியும். ஓர் அங்குலம் விட்டால் தொய்கிறது, எடுத்தால் பூட்ட வரவில்லை. இரண்டு மாத ஆராய்ச்சிக்குப்பின் ஒற்றைக் கியர்க்காரர் இதற்கு ஒரு கருவியைக் கண்டடைகிறார். அது சங்கிலியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் வில்கை; தோற்றத்தில், தாம் வீசியெறிந்த கியர் மாற்றியின் உடன்பிறப்பு.

அடுத்து வருவது சங்கிலிக்கோடு, அதாவது முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்க்கோட்டில் நிற்றல். கியர்ப் பற்கள் பல வரிசையாக அமர்ந்திருந்த இடத்தில் ஒரே ஒரு பல்சக்கரத்தை வைத்து, இருபுறமும் எஞ்சும் வெற்றிடத்தை வளையங்களால் நிரப்ப வேண்டும். இதற்கென அவர் தம் தொழிற்சாலையின் டர்னரை அணுகி, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் அலுமினிய வளையம் கடைந்து தருமாறு வரைபடத்தோடு கேட்கிறார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் டர்னர், ஹார்டுவேர் கடையில் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று வாங்கி அறுத்துப் போட்டாலே போதுமே என்கிறார். அதுவே போதுமானதாக அமைகிறது. இத்தாலியப் பெருமை பேசும் வண்டியின் நடுவயிற்றில் கழிவுநீர்க் குழாயின் துண்டொன்று ஒளிந்திருப்பதை அவர் எவரிடமும் கூறுவதில்லை.

வண்டி உருப்பெற்றபின் விகித ஆராய்ச்சி தொடங்குகிறது. முன்பல்லின் எண்ணிக்கையைப் பின்பல்லின் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கினால் வருவது கியர் அங்குலம். முன்சக்கரம் மட்டும் ஆளுயரத்துக்கு நின்ற பழங்கால வண்டியில், எவ்வளவு பெரிய சக்கரத்தை மிதிப்பதற்கு இது ஈடாகும் என்பதைக் காட்டும் அளவு அது. 28 அங்குலச் சக்கரத்தில் 44-க்கு 18 என்று பல் கொண்ட ஊர் வண்டிக்கு இது ஏறத்தாழ 68; ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். ஒற்றைக் கியர்க்காரர் தெரிந்தெடுப்பதோ 46-க்கு 16. 27 அங்குலக் கணக்கில் அது 78-ஐ நெருங்கி, ஒரு சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஓடுவது. இவ்வளவு எதற்கு என்று கேட்பவருக்கு அவர் ஆன்றி தெகிரான்ஜை மேற்கோள் காட்டுவார். 1903-இல் தெகிரான்ஜ் தொடங்கிய தூர் து பிரான்சு பந்தயத்தில், 1937 வரை தொழில்முறை வீரர்க்குக் கியர் மாற்றி அனுமதிக்கப்படவில்லை. அக்கருவி நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கே உரியது என்று அவர் கருதியதாகவும் சொல்லப்படுகிறது. இதனை உரைக்கும்போது ஒற்றைக் கியர்க்காரருக்கு வயது நாற்பத்தேழு.

வேப்பம்பட்டைச் சுற்றி மலை இல்லை என்பதால் ஒரே விகிதம் போதுமென்ற அவரது கணிப்பு, ஆனி பிறந்ததும் பொய்க்கிறது. இந்நாட்டின் மலை காற்றே. ஆனி, ஆடி மாதங்களில் காலை வேளையில் மேல்காற்று வீசுவதால், மேற்கே காக்களூருக்குப் பணிக்குச் செல்பவர் அதனை நெஞ்சில் ஏற்றுச் செல்ல வேண்டும். மாலையில் அது முதுகைத் தள்ளும் என்று நம்பி அவர் கிளம்பும் வேளையில், கிழக்கேயிருந்து கடற்காற்று உள்நாடு வந்து சேர்ந்திருக்கும். போகும்போதும் எதிர்காற்று, வரும்போதும் எதிர்காற்று என்னும் இப்பெரும்பேறு எல்லா ஊர்க்காரருக்கும் வாய்ப்பதன்று. பின்னால் இரண்டு பால்கேன்களும் முன்னால் ஒரு தூக்குமாகக் கடந்துசெல்லும் பால்காரர், “இன்னா சார், எதிர்காத்தா?” என்று கனிவோடு கேட்டுவிட்டு, எழுந்து நின்று நான்கு மிதி மிதித்து மறைந்துவிடுகிறார்.

இவ்வகையில் தீவிரப் பிரிவினரும் உண்டு. மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் பிரீவீலையும் துறந்து, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீர வேண்டும் என்ற நிலைப்பல் வண்டியை ஏற்றவர்கள் அவர்கள். கால்களை முடக்கிப் பின்சக்கரத்தை இறுக்கிச் சறுக்கி நிறுத்துவதே அவர்களது வீரம். ஆனால் 48-க்கு 16 என்று பல் வைத்தால் விகிதம் சரியாக மூன்றாகிவிடுவதால், கால் ஒரே நிலையில் முடங்கும் ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடமே தரையில் தேயும். 47-க்கு 17 வைத்தாலோ 17 இடங்களில் தேய்மானம் பரவும். இக்கணக்கை அறிந்தபின் அவர்கள் பகா எண்களின்மீது கொள்ளும் பற்று, பத்தாம் வகுப்பில் கணித ஆசிரியர் பிரம்போடு நின்றும் ஊட்ட முடியாதது. இரயில்வே கேட் மூடும்போது, பெடலோடு பூட்டிய காலணியைக் கழற்ற மறந்து, நின்ற நிலையிலேயே மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து விழுவது இப்பிரிவினரின் அடையாளச் செயலாகும்.

குடும்பத்தில் இவருக்குரிய இடம் தனித்து ஆராயத்தக்கது. “ஏங்க, எல்லாத்தையும் கழட்டிட்டா விலை குறையத்தானே வேணும்?” என்று மனைவி எழுப்பிய வினாவுக்கு இதுவரை நிறைவான விடை தரப்படவில்லை. பால்ரஸ் குண்டுகள் ஊறும் மண்ணெண்ணெய்க் கிண்ணம் சமையலறைக்கு உரியதா என்ற வழக்கும் நிலுவையில் உள்ளது. ஆயினும் நிலையத்தருகே ஓவர்ஹாலிங் கடை வைத்திருக்கும் முதியவரோடு அவருக்கு ஏற்படும் உறவு உயர்வானது. காது வைத்தே கோட்டத்தின் அளவைக் கூறும் அம்முதியவரை அவர் அண்ணே என்கிறார். முதியவர் அவரைச் சார் என்கிறார். அலுவலகத்தில் இருபது பேருக்கு அறிவுரை வழங்குபவர், இங்கு மட்டும் ஸ்பேனரை ஏந்தி வாய் பொத்தி நிற்கிறார். பல ஆண்டுகள் இயந்திரங்களைக் கணினித் திரையில் மட்டுமே பராமரித்தவரின் விரல்களில் மீண்டும் கிரீஸ் ஏறுவது இத்துறவின் மெய்யான பயன் எனலாம். அதற்கு ரெனால்ட்ஸ் குழாய் தேவையில்லை என்பது வேறு.

இறுதியாக, இவ்வகையின் முடிவுநிலை கூறத்தக்கது. முதல் ஐப்பசியில் முதுகில் சேற்றுக்கோடு விழுந்ததும் மட்கார்டு வருகிறது. மதிய உணவுக்கெனக் கேரியர் வருகிறது. சாய்த்து வைக்கச் சுவர் கிடைக்காமல் ஸ்டாண்டும், காற்சட்டை கிழிந்ததால் செயின் கவரும், ஷேர் ஆட்டோக்களின் பொருட்டு மணியும் வருகின்றன. கழுத்து வலியால் வளைந்த ஹேண்டில்பார் நீங்கி நேரானது ஏறுகிறது; குழிகளின் பொருட்டு டயர் தடிக்கிறது. ஆடிக்காற்றுக்கு ஆற்றாமல் முன்பல் 46-லிருந்து 44-க்கு இறங்குகிறது. பின்பல் 16-லிருந்து 18-க்கு ஏறுகிறது. இவ்வாறு, மூன்றாண்டுக் கால ஆராய்ச்சியின் விளைவாக, 1951-இலேயே அம்பத்தூர் வந்தடைந்திருந்த முடிவுகள் ஒவ்வொன்றையும் ஒற்றைக் கியர்க்காரர் தம் சொந்த முயற்சியால் கண்டுபிடித்துவிடுகிறார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்க்கும் கடை முதியவர், “இப்பதான் சார் சைக்கிள் மாதிரி இருக்குது” என்று சான்றளிக்கிறார். அதனைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டு வீடு திரும்பும் நம்மவர், மறுநாள் கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்கையில், மனத்துக்குள் இரண்டாவது வண்டிக்குக் கடைக்கால் தோண்டத் தொடங்குகிறார். அதில் மட்கார்டு இராது என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருக்கிறார்.