கார் இல்லாத வீட்டிலிருந்து

கோபன்ஹேகன்,
நவம்பர், மழை நாள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஐரோப்பாவுக்குப் போயும் சைக்கிள்தானா? கார் எப்போ?" என்று கேட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளை உடனே சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை என் கையில் திணித்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பொறையாறில் நம் சொந்தபந்தம் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 'பாவம், அங்கே கஷ்டப்படுதுங்க போல.' ஆகவே விவரமாக எழுதுகிறேன். பெரியத்தையிடமும் படித்துக் காட்டிவிடுங்கள்.

முதல் விஷயம். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஏழைகளும் அல்லர், பூமியைக் காப்பாற்றக் கிளம்பிய உத்தமர்களும் அல்லர். சுத்த சோம்பேறிகள். காரை எடுத்து, நிறுத்த இடம் தேடி, அதற்குக் காசு கட்டி, அங்கிருந்து ஆபீசுக்கு நடந்து போகச் சோம்பல்பட்டுத்தான் சைக்கிளில் ஏறுகிறார்கள். சில மந்திரிகள்கூட நாடாளுமன்றத்துக்குச் சைக்கிளில் போகிறார்கள். இப்போது ராஜாவாக இருக்கும் பத்தாம் ஃபிரெடரிக், இளவரசராக இருந்தபோது, பிள்ளைகளைப் பெட்டி வண்டியில் வைத்து மிதித்துக்கொண்டு போன படம் பத்திரிகைகளில் வந்தது. ராஜா வீட்டிலேயே அப்படி என்றால் நம் வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன கெளரவக் குறைச்சல், சொல்லுங்கள்.

காருக்கு வருகிறேன். விலை ஓர் அளவைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 150 சதவீதம் பதிவு வரி. ஆமாம், நூற்றைம்பதுதான், அச்சுப்பிழை இல்லை. அதாவது அந்தத் தாண்டிய பங்குக்கு மட்டும் பார்த்தால், ஒரு காரை நமக்கும் ஒன்றரைக் காரை அரசாங்கத்துக்கும் வாங்கித் தருகிற கணக்கு. மின்சாரக் காருக்குச் சலுகை உண்டு என்று நீங்கள் கூகிளில் பார்த்துவிட்டுச் சொல்வீர்கள். உண்டுதான். அதை நிறுத்துகிற இடத்துக்கு எங்கே போவது?

ராஜா மிதித்த மாதிரிப் பெட்டி வண்டி எங்களிடமும் இருக்கிறது. முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் ஒரு மரப்பெட்டி, பின்னால் ஒரு சக்கரம், சீட்டு, பெடல். நம் மீன்பாடி வண்டியேதான்; மீனுக்குப் பதில் பிள்ளைகள். பெட்டிக்குள் சின்ன பெஞ்சு, அதில் இடுப்பு பெல்ட், மேலே மழைக்குக் கூடாரம், பக்கத்தில் பிளாஸ்டிக் ஜன்னல். இந்த வண்டி பிறந்த கதையைக் கேளுங்கள். 1970-களில் காலி ராணுவக் குடியிருப்பு ஒன்றில் புகுந்து, 'இது எங்கள் ஊர்' என்று அறிவித்துக்கொண்ட கூட்டம் ஒன்று இங்கே உண்டு. அந்த இடத்துக்குக் கிறிஸ்டியானியா என்று பெயர். அங்கே லார்ஸ் எங்ஸ்ட்ரோம் என்பவர் 1984-ல் தன் துணைவிக்காக இப்படி ஒரு வண்டி செய்தார். பார்த்தவர்களெல்லாம் எனக்கும் ஒன்று என்று கேட்க, அதுவே தொழிலாகிவிட்டது. இன்றைக்குப் புது வண்டி நல்லதாக ஒன்று மலிவாகக் கிடைப்பது அரிது. நம் காசுக்கு லட்சத்தைத் தாண்டும். இதைப் பெரியத்தையிடம் கொஞ்சம் அழுத்தி வாசிக்கவும்.

காலையில் பிள்ளைகளைக் கிளப்புவதைப் பார்த்தால் சித்தி மயங்கி விழுவாள். சின்னவனுக்கு முதலில் கம்பளிச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் தலை முதல் கால் வரை ஒரே உடுப்பாக விண்வெளிக்குப் போகிறவன் போல ஒன்று. எல்லா ஜிப்பையும் இழுத்து முடித்து, கையுறையையும் மாட்டிய பிறகு, "அம்மா, ஒண்ணுக்கு" என்பான். மறுபடி முதலிலிருந்து. பயணம் பத்து நிமிஷம்தான்; அலங்காரம் அரை மணி. மூத்தவள் பெட்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். தனிச் சைக்கிள், தனிப் பாதை, என் வலப் பக்கம் ஒட்டியே வருகிறாள். பெரியவர்கள் போக்குவரத்துப் பக்கமும் பிள்ளைகள் நடைபாதைப் பக்கமும் ஓட்ட வேண்டும் என்பது இங்கே எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த பாடம்.

அந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் சைக்கிள் பாதை என்றால் ரோட்டோரம் பெயின்ட் அடிப்பார்கள், திறப்பு விழா வைப்பார்கள், மறுநாள் இளநீர்க்காரர் கடை போடுவார். இங்கே ரோட்டைவிடச் சற்று உயரமாக, நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாக, ஓரத்தில் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெறும் பெயின்ட் கோட்டை எவனும் தாண்டுவான். கல்லில் ஏறினால் கார்க்காரருக்குத்தான் செலவு. கார்களை நிறுத்துவதும் பாதைக்கு இந்தப் பக்கம், அதாவது ரோட்டுப் பக்கம். ஓடுகிற காருக்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்கிற கார் ஒரு மதில். நாற்சந்திகளில் பாதைக்கு நீலச் சாயம். பனி கொட்டினால் முதலில் சுத்தம் செய்வதும் முக்கியமான சைக்கிள் பாதைகளைத்தான். சில சிக்னல்களில் இறங்காமல் நிற்பதற்குக் கைப்பிடியும் கால் வைக்கக் கம்பியும் உண்டு. சில இடங்களில் குப்பைத்தொட்டியைக்கூட ஓட்டுகிறவர் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், போகிற போக்கில் வீச. மூத்தவள் இதற்கென்றே வாழைப்பழம் கேட்கிறாள்.

நோரப்ரோகேட என்று ஒரு பெரிய வீதி. காலையில் நகருக்குள் போகும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் வழியெல்லாம் பச்சை விளக்குதான். மாலையில் திரும்பும் பக்கம் அதே ஏற்பாடு. சைக்கிளுக்காக சிக்னலைத் திருத்தி வைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. அந்த வழியில்தான் லூயிஸ் ராணி பாலம். வேலை நாளில் 40,000 சைக்கிளுக்கு மேல் கடக்கிறது. அந்த நெரிசலில் உங்கள் மாப்பிள்ளை செய்த வேலையைக் கேளுங்கள். இங்கே நிற்கப் போகிறவர் கையை உயர்த்த வேண்டும், அதுதான் பின்னால் வருகிறவருக்கு அடையாளம். எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் போவதைப் பார்த்ததும் இவர் ஒரு கையைத் தூக்கி, "வணக்கம்!" என்று கூவினார். பின்னால் வந்த வரிசை முழுக்கச் சடசடவென்று பிரேக் பிடித்து நின்றது. இவர் மட்டும் நிற்கவில்லை. பெல் ஓசை, டேனிஷ் மொழியில் அர்ச்சனை. இலங்கைத் தமிழர்கள் பெரும்பாலும் யூட்லாந்துத் தீபகற்பத்தில் இருப்பதால் இந்த ஆபத்து இங்கே அடிக்கடி வருவதில்லை.

'அவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1960-களில் இந்த ஊரும் கார்ப் பைத்தியம் பிடித்துத்தான் அலைந்தது. நடு ஊரில் உள்ள ஏரிக்கரையோடு பெரிய மோட்டார் சாலை போடத் திட்டமே இருந்தது. 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓடக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. காலி ரோட்டைப் பார்த்த ஜனங்களுக்கு ஆசை வந்துவிட்டது. பிறகு நகராட்சி மண்டபத்து எதிரே சைக்கிளோடு கூடிக் கூச்சல் போட்டுத்தான் பாதைகளை வாங்கினார்கள். ஏரிக்கரைச் சாலைத் திட்டமும் கைவிடப்பட்டது. இன்று அந்தக் கரையில்தான் நாங்கள் சாயங்காலம் அன்னப்பறவைக்குப் பயந்து நடக்கிறோம். அது கடிக்கும்.

கடல் ஊர் என்பதால் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டியவர்கள் 1618-ல் கப்பல் ஏறியது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் என்ற பகுதியில் ஆசிய வணிகக் கம்பெனியின் பழைய கட்டடம் இன்னும் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் வழியாகப் போகும்போதெல்லாம், 'எங்கள் ஊர் வழியாகப் போன மிளகில் எவ்வளவு இந்தச் சுவரில் இருக்கிறதோ' என்று கணக்குப் போட்டுக்கொண்டே மிதிப்பேன். 1845-ல் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள், கணக்குத் தீரவில்லை.

அந்தத் துறைமுகத் தண்ணீரில் ஒரு காலத்தில் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்தன. மழைக்காலத்தில் சாக்கடை வழிந்து கலக்காதபடி தரைக்கடியில் தொட்டிகள் கட்டி, பல வருஷம் பாடுபட்டுச் சுத்தம் செய்து, 2002-ல் இஸ்லண்ட்ஸ் ப்ரிக்கே கரையில் குளிக்கும் துறை திறந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆழமில்லாத தனித் தொட்டி. நட்ட நடு நகரம், பக்கத்தில் ஆபீஸ், ஜனங்கள் உச்சி வெயிலில் பொத்தென்று குதிக்கிறார்கள். குளிர்காலத்திலும் குதிக்கிற பாட்டிகள் உண்டு. நான் கரையில் நின்று அவர்கள் துண்டைப் பிடித்துக்கொள்வதோடு சரி.

குறையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள். ஊர் தட்டையானது, மலை இல்லை; பதிலுக்குக் காற்று இருக்கிறது. போகும்போது எதிர்க்காற்று, சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டால், திரும்பும்போதும் எப்படியோ எதிர்க்காற்று. டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். வீட்டு வாடகையைச் சொன்னால் நீங்கள் நிலம் வாங்கிய பத்திரத்தை எடுத்துப் பார்ப்பீர்கள். பூட்டில்லாத சைக்கிள் காலையில் இருந்த இடத்தில் மாலையில் இருக்காது. கால்வாயைத் தூர்வாரினால் மீனைவிடச் சைக்கிள்தான் அதிகம் வரும். பஞ்சர் ஒட்டக் கடைக்காரர் கேட்ட காசுக்கு உங்கள் சைக்கிள் கடையில் டயரும் டியூபும் புதிதாகப் போட்டு, ஆயிலும் விட்டு, டீயும் வாங்கிக் கொடுப்பீர்கள்.

சித்திக்கு ஒரு முன்னெச்சரிக்கை. இங்கே கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் போர்த்தி, காபிக் கடை வாசலில் குளிரில் தூங்க விட்டுவிட்டு அம்மாக்கள் உள்ளே போய்விடுவார்கள். குளிர்க் காற்றில் நன்றாகத் தூங்குமாம். சித்தி பார்த்தால் யாரோ விட்டுப்போன பிள்ளை என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நீங்கள் இருவரும் ஜூனில் கட்டாயம் வர வேண்டும். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நகர ரயிலில் சைக்கிளை இலவசமாக ஏற்றலாம்; கடற்கரை பார்த்துவிட்டு வரலாம். உங்களுக்கு ஒரு பழைய சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன், பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கிற வகை. சித்தியைப் பெட்டியில் உட்கார வைத்து நான் ஓட்டுகிறேன். எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் டபுள்ஸ் அடித்துப் பழகிய கால்தான்.

வரும்போது ஊறுகாய் வேண்டாம், அரிசி வேண்டாம், இங்கே எல்லாம் கிடைக்கிறது. கடையிலிருந்து பஞ்சர் ஒட்டும் பேட்ச் இரண்டு டப்பாவும், டயர் கழற்றும் லிவர் ஒரு ஜோடியும் எடுத்து வாருங்கள். சொல்யூஷன் டியூபை மட்டும் எடுக்காதீர்கள். தீப்பிடிக்கிற சாமான் என்று விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

தங்கள் அன்பு மகள்