நன்றியுரை, இரண்டு நிமிடம்

மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் வரவேற்பு, தலைமை, வாழ்த்து, சிறப்புரை எல்லாம் நடக்கிறவர்களுக்கு. நன்றி சொல்லும் வேலை மட்டும் எங்களுக்கு. அதுதான் மரபு. மேடைப் பெரியோர்களான நீங்கள் எனக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறீர்கள்.

முதல் நன்றி இந்த மேடைக்கு. ஐந்து படி, பக்கத்தில் சாய்தளம் இல்லை. மைக் செட்காரர், டீ கொடுக்க வந்த தம்பி, ஊழியர் இருவர் என்று நாலு பேர் வீல்சேரோடு என்னைத் தூக்கினார்கள். "கால் வைக்கிற தட்டைப் பிடிக்காதீங்க, கழன்று வந்துடும், அடிச்சட்டத்தைப் பிடிங்க" என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. தட்டு கழன்றது. புகைப்படக்காரர் அந்த நொடியைத்தான் எடுத்தார். நாளைய பேப்பரில் 'தன்னம்பிக்கை நாயகன்' என்று வரும். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பவன் நான்தான்.

அடுத்த நன்றி இலவச வீல்சேர்களுக்கு. அத்தனையும் 18 அங்குல இருக்கை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதே, எண்பது கிலோ ஆளுக்கும் அதே. அகல இருக்கையில் சாய்ந்து சாய்ந்து பிள்ளையின் முதுகெலும்பு வளைந்தால் என்ன, சாய்மானத்தில் சிறப்பு விருந்தினர் படம் நேராக ஒட்டியிருக்கிறதே!

அரசுகளையும் விட்டுவிட முடியாது. 2022 டிசம்பர் 3 விழாவில், எங்கள் 1,000 ரூபாய் மாத ஓய்வூதியம் 1,500 ஆகும் என்று தமிழக அரசு அறிவித்தபோது கை தட்டினோம். 2024 ஜூலையில் பக்கத்து ஆந்திரா 6,000 ஆக்கியதும், தட்டிய கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டோம். பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் நாங்கள் நுழைய ஐந்தாண்டுக்குள் வழி செய்யவேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022 ஜூனில். அந்த விதிகளோ வெறும் பரிந்துரை போலக் கிடந்தன. அது சட்டத்துக்கே முரண், மூன்று மாதத்தில் கட்டாய விதி செய்யுங்கள் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி அந்த வழக்கைப் போட்டது 2005ல். நடக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு மெதுவாகப் போவார்கள் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

நேரம் முடிந்தது என்று சீட்டு வருகிறது. பத்தொன்பது வருடம் பொறுத்தவர்கள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்கலாம்.

ஏனென்றால் பொய்யில்லாத நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. தண்டுவடம் முறிந்து கிடந்தபோது, இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இனி எப்படி வாழ்வது என்று சொன்னவர் பக்கத்துக் கட்டில் அண்ணன். கால் மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி இடுப்பைத் தூக்குடா, உனக்கு வலிக்காது, ஆனா தோல் அழுகிடும். தினம் கைக்கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார். திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலித்து முகம் வியர்த்தால் மாத்திரை தேடாதே, முதல்ல யூரின் டியூப் மடங்கியிருக்கான்னு பார். கல்யாணம், படுக்கை என்று டாக்டரிடம் கேட்கக் கூசியதற்கெல்லாம் அவரிடம்தான் பதில் இருந்தது. செத்துப்போகலாம் என்று நான் சொன்ன ராத்திரி, புத்திமதி சொல்லாமல் தன் கதையைச் சொன்னார். இன்றைக்கும் புதிதாக விழுந்தவர்கள் வீட்டுக்குத் தன் ஸ்கூட்டரில், தன் பெட்ரோலில் போகிறார். சம்பளமில்லை, பொன்னாடையில்லை. எட்டாவது படித்தவர், ஆகவே உங்கள் நிபுணர் குழுவில் இடமும் இல்லை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒருநாளாவது படுக்கைப்புண்ணை முகர்ந்திருக்கிறார்களா?

மூன்றாவது வரிசையில் இருக்கும் அக்காமார்கள் நேற்று ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. இந்த மண்டபத்துக் கழிவறைக் கதவுக்குள் வீல்சேர் நுழையாது. அதை அவர்களுக்குச் சொன்னது நீங்கள் அல்ல, போன வருடம் வந்து அவதிப்பட்ட இன்னொரு அக்கா.

பட்டறிவோடு பட்டமும் சேர்ந்தவராக, வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்தன. வீல்சேரில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழக் காரணமும் அவரே. அவர் இன்று இந்த விழாவுக்கு வந்திருந்தால் என்ன கொடுத்திருப்பீர்கள்? தையல் மெஷின்.

2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் எங்களை நியமிக்கத் தமிழகச் சட்டமன்றம் வழி செய்தது. இதைக் கேலி செய்ய மாட்டேன், போராடி வாங்கியது. ஆனால் நியமிப்பவர்களே, எதற்கும் தலையாட்டும் சாதுவான ஆளாகத் தேடாதீர்கள். கழுத்துக்குக் கீழே எதுவுமே அசையாதவருக்கும் தலையை இடம் வலமாக ஆட்ட முடியும். பஞ்சாயத்து ஆபீஸ் படிக்கட்டையும் போகிற போக்கில் ஒருதரம் எண்ணிவிடுங்கள்.

நிறைவாக நாட்டுப்பண். "அனைவரும் எழுந்து நிற்கவும்" என்று அறிவிக்கக் காத்திருக்கும் தம்பி, மேடையைப் பார்த்து மட்டும் சொல்லப்பா. 2016ல் பனாஜித் திரையரங்கு ஒன்றில், நாட்டுப்பண்ணுக்கு எழவில்லை என்று வீல்சேரில் வாழும் எழுத்தாளர் ஒருவரைப் பின்னாலிருந்து அடித்தார்கள். நாங்கள் உட்கார்ந்தேதான் பாடுவோம். அடிக்க விரும்பும் தேசபக்தர்கள், மனு கொடுக்க நாங்கள் காத்துக் கிடப்போமே, அதே வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரலாம்.