சமையலறை உண்டு, அடுப்பு இல்லை

வீடு வாடகைக்கு விடும் கலையை ஜெர்மானியரிடம்தான் கற்க வேண்டும். ஜெர்மனியில் பல வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் முன்னாள் குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கு தொங்கிய இடத்தில் இரண்டு ஒயர் எட்டிப்பார்க்கும். என்ன பெருந்தன்மை! வந்தேறிய அந்நியனுக்குத் தச்சு, பிளம்பிங், வயரிங் மூன்றிலும் இலவசப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டார் ஜெர்மன் பாடமும் நடத்துவார்கள். அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாதென்பது சட்டம். மிச்சக் காசு அடுப்பு வாங்கத்தான். காலி செய்யும்போது அத்தனையும் கழற்றி அடுத்த வீட்டுக்குச் சுமந்து போனால், அங்கே சமையலறை ஜோராகத் தயார்: பழையவரிடம் விலைக்கு வாங்கிக்கொண்டால்தான் வீடு! ஜெர்மனி போகிறவர்களே, ஊறுகாயை விடுங்கள். பெட்டியில் திருப்புளியை வையுங்கள்.