பென்டிரைவ் பிடுங்கியல்: நூற்பாவும் சிவகாசி உரையும்

நூற்பா: கேட்டது எழுதுக, கேளாதது விடுக.

உரை: எழுதுதலாவது, நினைவகத்தில் நிற்கும் கோப்பை வட்டிலோ பென்டிரைவிலோ இறக்குதல். ‘காப்பி முடிந்தது’ என்று திரை சொல்லுமே எனின், சொல்லும். லினக்ஸோ எழுத வேண்டியதை வழக்கமாக 30 விநாடி வரை நினைவகத்திலேயே ஊறவைக்கும். அதற்குள் பிடுங்கினால் பார்ட்டி கொண்டுபோவது வெறும் பென்டிரைவ்.

இவ்வியலுக்குச் சிவகாசி உரை வேண்டியதற்குக் காரணம் ஆடிப்பெருக்கு. அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை அச்சகங்கள் வெளியிடும் நாள் அது. அதன்பின் முருகன், பிள்ளையார், நகைக்கடைப் பெயர் எல்லாம் பென்டிரைவில் வரும், போகும். அச்சகத்தின் சர்வர் லினக்ஸாக இருந்து, பார்ட்டியின் பென்டிரைவையும் அதிலேயே செருகினால், ஊறுவதை உடனே எழுதச் சொல்லும் ‘சிங்க்’ கட்டளை கொடுத்தாக வேண்டும்.

முன்னோர் இதை மும்முறை அடித்தனர். மந்திரம் அன்று. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் விதிப்படி சிங்க், எழுதச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்; முடியும்வரை நிற்கக் கடமையில்லை. கூடுதலாக இருமுறை தட்டும் நேரத்தில் வட்டு வேலையை முடித்துக்கொள்ளும் என்பது கருத்து. லினக்ஸ் நிற்கிறது. வினையே அதுதான், எல்லா வட்டுக்கும் சேர்த்து நிற்கிறது. பிளேட் போட வேண்டிய கோப்பு நொடியில் இறங்கிவிடும். மட்டமான பென்டிரைவ் முனகி முடிக்கும்வரை சிங்க் திரும்பாது. செத்த நெட்வொர்க் வட்டு ஒன்று தொங்கினாலோ, திரும்பாமலே போகும்.

அற்றேல், கோப்புக் கோப்பாக இறக்க எஃப்சிங்க் உண்டே எனின், தினசரிக் காலண்டருக்குத் தாள் 365. ஃபோல்டருக்கும் தனியே எஃப்சிங்க் வேண்டும் என்பதை மறப்பாரே பெரும்பாலர்.

ஆகவே செஃப் என்னும் சேமிப்பு மென்பொருளைத் தந்த சேஜ் வெய்ல் முயற்சியால், 2011-இல் லினக்ஸ் 2.6.39-இல் சிங்க்எஃப்எஸ் வந்தது: ஒரு கோப்பு முறைமையை மட்டும் இறக்கும். பட்டாசு ஆலையில் மருந்து அறைகளை இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டும் நியாயத்தை இவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. இயங்குதளம் எழுதினோர்க்கு அது விளங்க ஏறத்தாழ 40 ஆண்டு ஆயிற்று. அதிலும், எழுத முடியாமற் போனபோதுகூட சிங்க்எஃப்எஸ் வெற்றி என்றே சொல்லிவந்தது; 2020-இல், லினக்ஸ் 5.8-இல்தான் திருந்தியது.

விண்டோஸ் மதத்தார், ஒரு வட்டு முழுவதையும் இறக்கலாம், ஆயின் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும் என்பர். அது பொருந்தாது. என்னை? பாஸ்வேர்டு டிசைன் பையனிடம் இல்லை, முதலாளியிடம் உள்ளது. ஆடியில் முதலாளி குற்றாலத்தில் இருப்பார்.